வரிச்சிக்குடிக்கு வந்த மஞ்சுப் படை

சீனாவை இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட மஞ்சு ராஜாக்களைப் பற்றி இந்தக் காரைக்கால் வட்டாரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாராவது இருந்தால் வரலாம், உட்கார்ந்து பேசலாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் அவர்களுக்குச் சட்டை தைத்தவன் நான். ஒரு ஆளுக்குத் துணி வெட்ட வேண்டுமென்றால் அவன் நடக்கிறவனா, குதிரை ஏறுகிறவனா, குளிரில் கிடக்கிறவனா என்று எல்லாம் தெரிந்தாக வேண்டும். புத்தகத்தில் படிப்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

எழுபதுகளில் எனக்கு நாடகத்துக்கு டிரெஸ் வாடகைக்கு விடும் தொழில். காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, பதினாறு தகரப் பெட்டி. ராஜா, மந்திரி, போலீஸ்காரர், பணக்காரர், பிச்சைக்காரர், எது கேட்டாலும் இருக்கும். தலைக்கு வைக்கும் பொய்முடியை டோப்பா என்போம். அதில் மட்டும் என்னிடம் அறுபது வகை இருந்தது. மாயவரத்திலிருந்து நாகூர் வரைக்கும் என் பெட்டி ஏறாத மேடை கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அப்போது நடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒருநாள் வரிச்சிக்குடியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்துகிறவர். காணும் பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் போட ஒரு நாடகம் எழுதியிருப்பதாகச் சொல்லி நோட்டைப் பிரித்தார்.

"சோழன், பாண்டியனெல்லாம் பக்கத்து ஊர்ல போட்டுத் தீத்துட்டாங்க. இது யாருமே போடாததுங்க. சீனா."

"சீனாக்காரன் டிரெஸ் நம்மகிட்ட இல்லீங்களே சார்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். மத்தவங்களா இருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பாங்க."

இப்படிச் சொன்ன ஆளிடம் முடியாது என்று நான் எப்படிச் சொல்வது. நோட்டை நீங்களே வாசித்துக் காட்டுங்கள் என்றேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும். காதால் ஒருதடவை கேட்டால் போதும், மறக்காது.

கதை இதுதான். சீனாவுக்கு வடகிழக்கே, காட்டிலும் பனியிலும் வேட்டையாடி, மிருகத்தோலும் வேர்மருந்தும் விற்றுப் பிழைத்த ஒரு சின்னச் சனம். பல கூட்டமாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு கிடந்தார்கள். அதில் ஒரு இளைஞன். அவனுடைய அப்பாவையும் தாத்தாவையும் ஒரே சண்டையில் சீனப் படை கொன்றுவிட்டது. அப்பா விட்டுப்போனது பதின்மூன்று கவசச் சட்டை. அந்தப் பதின்மூன்றை வைத்துக்கொண்டு அவன் கிளம்பினான்.

"அங்கயே நிறுத்துங்க சார்," என்றேன். "பதிமூணா?"

"பதிமூணு."

"நான் பதினொண்ணுல ஆரம்பிச்சவன்."

அது உண்மை. நான் சிறுவயதில் ஒரு நாடகக் கம்பெனியில் பெட்டி தூக்கினேன். அந்தக் கம்பெனி காரைக்காலில் வைத்துக் கலைந்தபோது, தூக்கிப்போக ஆளில்லாத ஒரு பெட்டியை எனக்கு விட்டுப்போனார்கள். உள்ளே பதினொரு டிரெஸ், அதில் நான்கு எலி கடித்தது. அந்தப் பதினொன்றிலிருந்து பதினாறு பெட்டி. அந்த மஞ்சு இளைஞனை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. என்ன, அவனுக்கு அவன் அப்பா விட்டுப்போனது. எனக்கு யாரோ விட்டுப்போனது.

அவன் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தான். சேர்ந்தவர்களை எட்டுக் கொடிகளின் கீழே பிரித்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம் என்று நான்கு. அதே நான்கு, ஓரத்தில் கரை வைத்து இன்னொரு நான்கு. பிறந்த குழந்தைகூட ஏதாவதொரு கொடியில் சேர்த்தி. எழுத்தே இல்லாத அவர்கள் பேச்சுக்குப் பக்கத்துச் சனத்தின் எழுத்தை வாங்கி எழுத்து உண்டாக்கினான். அவன் மகன் காலத்தில்தான் மஞ்சு என்ற பேரே வந்தது, சக்கரவர்த்திப் பட்டமும் கட்டிக்கொண்டார்கள். அந்த மகனும் செத்து, ஆறு வயசுப் பேரன் பட்டத்துக்கு வந்தான். சித்தப்பா ஒருவர்தான் அவனுக்காக ஆட்சியை நடத்தினார்.

அந்த நேரத்தில் சீனாவின் தலைநகரத்தைக் கலகக்காரர்கள் பிடித்துவிட, சீன ராஜா அரண்மனைக்குப் பின்னாலிருந்த குன்றில் தூக்குப் போட்டுக்கொண்டார். நெடுஞ்சுவர் கடலோடு முட்டுகிற இடத்தில் ஒரு வாசல். அதைக் காத்த சீனத் தளபதி, கலகக்காரர்களை அடக்க மஞ்சுப் படையைக் கூப்பிட்டு வாசலைத் திறந்துவிட்டார். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

கடைசிக் காட்சியில் சித்தப்பா ஓர் ஆணை போடுவார். சீன ஆம்பிளைகள் அத்தனை பேரும் பத்து நாளைக்குள் மஞ்சுக்காரர்களைப் போல முன்தலையைச் சிரைத்து, பின்னால் நீளப் பின்னல் விட வேண்டும். மாட்டேன் என்றால் தலை போகும்.

நான் மூன்று மாதம் தைத்தேன். மஞ்சுக்காரர் சட்டை முன்னும் பின்னும் பக்கத்திலும் பிளந்திருக்கும், குதிரையில் கால் போட்டு உட்கார. கை நுனி குதிரைக் குளம்பு மாதிரி விரிந்து விரலை மூடும், குளிருக்கு. வாத்தியார் ஒரு புத்தகத்திலிருந்து படம் காட்டினார். மீதியை நானே கண்டுபிடித்தேன். உள்ளே பழைய கம்பளி, வெளியே ஜிகினாத் துணி. எட்டுக் கொடிக்கும் வேட்டி வாங்கிச் சாயம் போட்டேன். மாடியில் காயப்போட்டபோது தெருவில் போகிறவர்கள் நின்று, இது எந்தக் கட்சி, எப்போது தேர்தல் என்று கேட்டார்கள்.

இதெல்லாம் சரியாகப் போனது. தப்பு நடந்தது வரிச்சிக்குடி கோயில் மண்டபத்தில், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில். வாத்தியாருக்கு ஒரு சந்தேகம்.

"முன்தலை வழவழன்னு இருக்கணுங்க. துணியில மொட்டை டோப்பா வெச்சா நெத்தியில மடிப்புத் தெரியும். மூணாவது வரிசையில உக்காந்திருக்கவன் சிரிச்சிடுவான்."

"டோப்பாவே கெடையாது சார்," என்றேன். "மஞ்சுக்காரனா வர்ற ஒவ்வொருத்தன் தலையும் நெசமாவே செரைச்சிருக்கும். ஒரே ஒரு டோப்பா அந்த மேடையில ஏறிச்சுன்னா, இந்தத் தொழிலையே உட்டுடறேன். பதினாறு பெட்டியும் இந்த ஊருக்குத்தான்."

ஊர்ப் பெரியவர் ஒருவர், கோயில் காரியம் பார்ப்பவர், நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, சபையில சொல்ற சொல்லு."

"சபைன்னு தெரிஞ்சுதாங்க சொல்றேன்."

பொங்கலுக்கு முந்தின வாரம் காரைக்காலிலிருந்து என் சிநேகிதரான சலூன்காரரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். அவர் புளியமரத்தடியில் பெட்டியைத் திறந்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சு வேஷக்காரர்கள், குட்டி ராஜாவாக வரும், சாமிக்கு மொட்டை போட்டிருந்த பையனை விட்டால், ஒன்பது பேர். ஒருவரும் உட்காரவில்லை.

"எங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காருண்ணே," என்றார் ஒருவர். "நான் செரைச்சுக்கிட்டுப் போய் நின்னா அவரு என்ன நெனைப்பாரு?"

"வேஷத்துக்குத்தானேப்பா."

"தலைக்குத் தெரியுமா வேஷத்துக்குன்னு?"

இன்னொருவர், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தா, சித்தப்பா வேஷம் அவருக்குத்தான். அவர் வேறு கணக்குச் சொன்னார். "முழுசா அடிச்சா சாமிக்கு. பாதி அடிச்சா திருடன். முன்னால மட்டும் அடிச்சா அது என்னண்ணே? ஆபீஸ்ல யாருன்னு சொல்லிக்கறது?"

தகப்பன் செத்தால் மகன் தலையைச் சிரைப்பது நம் வழக்கம். தகப்பன் உயிரோடு இருக்கும்போது காரணமில்லாமல் சிரைத்துக்கொண்டால், அவர் சாவை எதிர்பார்த்த மாதிரி. இது குழந்தைக்கும் தெரியும். ஒன்பது பேருக்கும் மார்பளவு எடுத்தேன், தோளளவு எடுத்தேன், கழுத்து எடுத்தேன். அப்பா இருக்கிறாரா என்று ஒருவரையும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குச் சட்டென்று எழுகிற கேள்வி இல்லை.

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். "அவங்களும் இதத்தாங்க சொன்னாங்க. சீனாக்காரங்க. ஒடம்பும் முடியும் தாய் தகப்பன் குடுத்தது, அதக் கெடுக்கப்படாதுங்கறது அவங்க வழக்கம். அதுக்காவே எத்தனையோ பேரு தலையக் குடுத்திருக்காங்க."

"மத்தவங்க?"

"மத்தவங்க செரைச்சுக்கிட்டாங்க. பொழைக்கணும்ல."

அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வயலிலிருந்து வந்த கிழவர் ஒருவர், மண்வெட்டியை மரத்தில் சாய்த்துவிட்டுச் சலூன்காரர் முன்னால் போய்க் குந்தினார்.

"சும்மாதானே உக்காந்திருக்கே. நமக்கு வழிச்சு உடு."

அவர் குடுமி வைத்திருந்தார். அந்தக் காலத்துக் குடியானவர்களில் சிலர் கடைசிவரை குடுமியை விடவில்லை. சலூன்காரர் நெற்றியிலிருந்து உச்சிவரை தண்ணீர் தடவி வழித்தார். கிழவர் அவிழ்ந்த குடுமியை உதறினார். முன்தலை பளபளவென்று, பின்னால் நீள முடி. நானும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சார்," என்றேன், "பின்னல் ஒண்ணுதான் பாக்கி."

எட்டுக் கொடிக்கு எட்டுக் குடுமி தேடினோம். ஊரில் ஆறு கிடைத்தது, பக்கத்து ஊரில் இரண்டு. எல்லாரும் அறுபத்தைந்து, எழுபது வயசு. தகப்பனை எப்போதோ எரித்துவிட்டவர்கள். நாங்கள் என்ன பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் பேச வேண்டாம், கொடி பிடித்து முறைத்தால் போதும் என்றேன். அது எங்களுக்கு வரும் என்றார்கள். குடுமியோடு சவுரி வைத்துப் பின்னியதும் ஒரு வாதம் வந்தது, சவுரி டோப்பாவில் சேருமா என்று. கோயில் பெரியவர் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "மயிருலதானே தொங்குது. சேராது," என்று தீர்ப்புச் சொன்னார். இளைஞர்கள் எல்லாரும் கிராப்பும் காது மூடிய முடியுமாகச் சீனாக்காரர் பக்கம் போய்விட்டார்கள். அவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மிஞ்சியது சித்தப்பா வேஷம். மஞ்சு முன்கதை முழுக்க அவர் வாயால்தான், பக்கம் பக்கமாக வசனம். கிழவர்களால் ஆகாது. குமாஸ்தா வாசலைத் திறந்துவிடும் தளபதியாகிவிட்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் முழு வசனமும் மனப்பாடமா வெச்சிருக்கீங்களே."

"நானா?"

"ஒத்திகையில நாங்க மறந்தப்பல்லாம் நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க."

குமாஸ்தா பின்னாலிருந்து சொன்னார். "சபையில சொன்னதும் அண்ணன்தானே. எங்களுக்கு அப்பா இருக்காரு. ஒங்களுக்கு என்னண்ணே? உக்காருங்க."

சிரித்தார்கள். கேலியாகச் சொன்னதுதான், கெட்ட எண்ணம் கிடையாது. எனக்கு அப்பா இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்கும்படிதான் நானும் நடந்துகொண்டிருந்தேன். சலூன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். ரெண்டு நாள் பொறுத்துச் சிரைத்துக்கொள்கிறேன், இப்போதே சிரைத்தால் பொங்கலுக்குள் முள் முளைத்துவிடும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். பொய்தான். ஆனால் தொழில் தெரிந்தவன் சொன்னதால் நம்பினார்கள்.

எனக்கு மூன்று வயசாகும்போது என் அப்பா பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினார். எங்கள் ஊரில் இது புதுசில்லை. போனவர்களில் சிலர் பென்ஷனோடு வந்தார்கள். சிலர் அந்த ஊர்ப் பெண்சாதியோடு வந்தார்கள். சிலருக்குப் பதிலாகச் சர்க்கார் காகிதம் வந்தது. என் அப்பா விஷயத்தில் எதுவுமே வரவில்லை. முதலில் கடுதாசி வந்தது, பிறகு நின்றது, அவ்வளவுதான். இறந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் உதவி ஏதாவது கிடைக்கும் என்று ஆபீஸில் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா போடவில்லை. தாலியும் பொட்டும் பூவுமாகத்தான் இருந்தார். யாரும் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லையில் காரைக்கால்மேட்டு மத்தி மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். சலூன்காரர் எனக்கு முந்தின பஸ்ஸில் வந்து, வழியில் அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டிருந்தார்.

"செரைக்கப் போறியாமே."

"வேஷத்துக்கும்மா. முன்தலை மட்டும்."

"எதுக்கோ." ஒரு மீனை முடித்துச் சட்டியில் போட்டார். "செரைக்கறதா இருந்தா மொத நாளே சொல்லிடு. பூக்காரிகிட்ட இனிமே வேணாம்னு சொல்லணும். அவ பாட்டுக்குக் கட்டிக் கொண்டாந்துருவா."

அம்மா அடுத்த மீனை எடுத்தார். குழம்பில் புளி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. சாப்பிட்டுவிட்டு மாடி அறைக்குப் போய் மல் துணி எடுத்து, பசை காய்ச்சி, என் தலை அளவுக்கு ஒரு மொட்டை டோப்பா செய்தேன். மூன்று நாள் பிடித்தது. நான் செய்ததிலேயே அதுதான் சுத்தமான வேலை. நெற்றியில் மடிப்பு மயிரிழை அளவுக்குத்தான் தெரிந்தது. ஆனால் டோப்பா டோப்பாதான். தெரியவில்லை என்பதற்காக ஏறவில்லை என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

காணும் பொங்கலன்று பொழுது சாய்வதற்கு முன்பே நாடகம் வைத்தார்கள். நான்கு ஊர்ச் சனம். திரை தூக்குவதற்கு முன்னால் நான் வேஷத்தோடு வெளியே வந்து நின்றேன்.

"இந்த மேடையில ஒரு டோப்பா இருக்குங்க. அது என் தலையிலதான். சபையில சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. காலையில பெட்டிச் சாவியக் குடுத்துடுவேன்."

முன்வரிசையிலிருந்து கோயில் பெரியவர் கேட்டார். "என்ன காரணம் தம்பி?"

"காரணம் ஒண்ணுமில்லீங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் என் அப்பா வயசுக்காரர், அப்பாவோடு அதே கப்பலில் போனவர்கள் சிலரை அவருக்குத் தெரிந்திருக்கும். "சரி, ஆரம்பிங்க," என்றார்.

நாடகம் எப்படி நடந்தது என்று நானே சொன்னால் பெருமை பேசுவதாக இருக்கும், ஆனால் வேறு யார் சொல்வது. பதின்மூன்று கவசத்தையும் ஒவ்வொன்றாக மேடையில் கொண்டுவந்து வைத்தபோது கொட்டகையில் சத்தம் அடங்கிப்போயிற்று. எட்டுக் கிழவர்கள் எட்டுக் கொடியோடு வரிசையாக வந்தார்கள். வயலில் ஐம்பது வருஷம் நின்ற கால்கள், படைவீரன் நடை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குமாஸ்தா வாசலைத் திறந்தார். நான் ஆறு வயசு ராஜாவைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று ஆணையைப் படித்தேன். கையில் இருந்தது வெறும் காகிதம். வசனம் தலைக்குள் இருந்தது.

"இன்றிலிருந்து பத்து நாள். முடியை வைத்துக்கொள்ள நினைப்பவன் தலையை வைத்துக்கொள்ள முடியாது."

இதற்குச் சீனாக்காரர்கள் மண்டியிட்டு அழ வேண்டும். அதற்குள் சிவப்புக் கொடிக்காரர், எழுபது வயசு, பேச்சே இல்லாதவர், எதிரில் தோள்வரை முடி வளர்த்து மண்டியிட்டிருந்த தன் சொந்த மகனைக் கொடிக்கம்பால் தட்டினார்.

"கேட்டியா? பத்து நாளு. வெட்டலேன்னா ஊட்டுக்கு வராதே."

மகனும் விடவில்லை. "சீனாவுல வெச்சும் இதே பேச்சாப்பா?"

கொட்டகையே எழுந்து சிரித்தது. வாத்தியாருக்கு மட்டும் வருத்தம், சோகக் காட்சி போய்விட்டதே என்று. நான் அப்படியே அசையாமல் நின்றேன். சிரித்தால் பசை விட்டுவிடும்.

மறுநாள் காலை மாட்டுவண்டியில் பதினாறு பெட்டியும் கோயில் மண்டபத்துக்கு வந்து இறங்கியது. வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். யாரும் உங்களைக் கேட்கவில்லை, விளையாட்டுப் பேச்சு என்றார் குமாஸ்தா. அவர் முகம் சரியாக இல்லை. தான் சொன்னதில் ஏதோ தப்பு என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், என்னவென்று தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே தலைதானே, இதற்காகவா என்றார்.

"உங்க கதையிலயும் ஒரே வாசல்தானே சார்," என்று சொல்லிச் சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்தேன்.

கிழவர்கள் எட்டுப் பேரும் ஓரமாக நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் கிட்டே வந்தார்.

"தம்பி, பெட்டி இப்ப ஊருக்குச் சொந்தந்தானே?"

"ஆமாங்கய்யா."

"அந்தக் கம்பளிச் சட்டைய நாங்க ராக்காவலுக்குப் போட்டுக்கறோம். பனி தாங்கல. கதிரு அறுக்கற வரைக்கும்."

பெரியவர் சரியென்றார். நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டே வரப்பில் போனார், கை நுனிக் குளம்பை மடக்கிவிட்டு. நல்ல தையல், பிறகு நாலைந்து வருஷம் தாங்கியதாகக் கேள்வி.

அடுத்த வாரம் ஒரு செங்கல் சூளையில் மண் மிதிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். எண்பத்திரண்டில் அந்தச் சூளை என்னுடையதாகிவிட்டது.